முகமூடி வீரனுக்குத் தமிழ் பேசிய பிலோமினா அக்கா

செய்தி எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. வேலையிடத்தில் காலை இடைவேளை. ஒரு கையில் தேநீரை வைத்துக்கொண்டு மறு கையால் போனைத் திறந்தேன். எரியும் மெழுகுதிரி ஒன்று, அதன் கீழே பிலோமினா அக்காவின் பழைய படம், அதற்கும் கீழே "எமது சங்கத்தின் கலைத்தூண் சாய்ந்தது" என்று ஒரு வரி. அனுப்பியவர் தலைவர் குலசிங்கம். அக்கா அன்று விடியற்காலை கெல்சென்கிர்ச்சன் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். முந்திய பின்னேரம் நான் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். இறப்பு வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அந்தச் செய்தியை அந்த மனிதர் எனக்குச் சொல்வார் என்று மட்டும் நான் நினைத்திருக்கவில்லை. அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இன்னும் அது போகவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலர் அந்தக் குழுவில் இருக்கிறீர்கள். அந்த வரிக்குக் கீழே கைகூப்பும் படம் போட்டவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன்.

அக்கா யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து வந்தவர். இங்கே ஜெர்மனியில் அகதி முகாமில் முதல் மாதங்களைக் கழித்தபோது, அங்கே எல்லோருக்கும் பொதுவாக ஒரு தொலைக்காட்சி இருந்தது. பின்னேரங்களில் பழைய அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படங்களை ஜெர்மன் குரலில் போடுவார்கள். குதிரை, புழுதி, துப்பாக்கி, கண்ணை மட்டும் காட்டும் முகமூடி போட்ட ஒரு வீரன். அக்காவின் முதல் ஜெர்மன் அந்த வீரனிடம் கற்றது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் கிடைத்த முதல் டெர்மினில், அதாவது சந்திப்பு நேரத்தில், "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொன்ன அதிகாரியிடம் அக்கா மிகுந்த மரியாதையோடு "வான் ரைட்டன் வீர்?" என்று கேட்டாராம். "நாங்கள் எப்ப குதிரையேறுறது?" என்று அதற்கு அர்த்தம். அதிகாரி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாராம். இந்தக் கதையை அக்கா வாழ்நாள் முழுவதும் சொன்னார். சொல்லும்போதெல்லாம் அந்த அதிகாரியை விடப் பெரிதாகச் சிரித்தார்.

நானும் அவரும் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் ஒரு தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் நின்றோம். அவருடைய கணவர் இங்கே வந்து சில வருடங்களில் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஞாயிறுகளில் பழைய பொருள் சந்தையில் அந்தப் படங்களின் டிவிடிகளைத் தேடி வாங்குவார். ஊரிலிருந்து பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த வயதான அம்மாமார் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க மண்டபத்தில் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்ததைக் கண்டுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. "பாவங்கள், ஒரு படமாவது பாக்கட்டும். டொச் பாஷை விளங்காட்டி என்ன, நான் இருக்கிறன்தானே" என்றார்.

படத்தின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் அவரே தமிழ் பேசினார். வீரனுக்கு ஒரு குரல், கள்ளனுக்கு ஒரு குரல், கிழவனுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. ஷெரீப் அவருடைய வாயில் ஊர் விதானையார் ஆனார். துப்பாக்கிச் சண்டை நடக்கும் மதுக்கடை கள்ளுத் தவறணை ஆனது. சத்தத்தை நிறுத்தியதால் குதிரைகள் பேய்போல மிதந்து போயின. எனவே நான் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளோடு அக்காவின் காலடியில் உட்கார்ந்து குளம்புச் சத்தம் போட்டேன். துப்பாக்கிக்கு மேசையில் அடிமட்டக் கோலால் அடித்தேன். பல் இல்லாத அம்மாமார் "உவனைச் சுடு, உவனைச் சுடு" என்று கத்தினார்கள். டோர்ட்மண்டில் இருந்தும் ஆட்கள் ரயில் ஏறி வந்தார்கள். நீங்களும் வந்தீர்கள். ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு பார்த்தீர்கள்.

ஒருநாள் ஒரு அம்மா எழுந்து கேட்டார். "பிள்ளை, உவன் நல்லதுதானே செய்யிறான். பிறகேன் முகத்தை மூடுறான்?" அக்கா படத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார். "அம்மா, நல்லது செய்யிறவன்ரை வீட்டைத் தேடிப்பிடிச்சு எரிக்கிற ஊர் அது. முகம் தெரிஞ்சால் அவன்ரை கதை முடிஞ்சுது." எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்தப் படங்களில் செவ்விந்தியர் என்று காட்டப்படுகிறவர்களுக்குப் பேச்சே இல்லை. குதிரையில் வருவார்கள், கத்துவார்கள், விழுந்து சாவார்கள். அக்கா அதை விடவில்லை. அவர்கள் வாயைத் திறக்கும் இடங்களில் எல்லாம், "இது எங்கடை காணி. வேலி போட உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று பேசவைத்தார். ஊரில் வீட்டையும் வளவையும் இராணுவத்திடம் விட்டுவிட்டு வந்தவர்கள் நிறைந்த மண்டபம் அது.  முதல் தடவை அந்த வசனம் வந்த அன்று, படம் முடிந்ததும் குலசிங்கம் அண்ணை வந்தார். "அக்கா, கதையை மாத்தக்கூடாது. உள்ளதை உள்ளபடி சொல்லவேணும்" என்றார். அக்கா மைக் வயரைச் சுருட்டியபடி, "அவங்களுக்கும் வாய் இருக்கு, தம்பி" என்றார்.

இனி, நீங்கள் எல்லோரும் அறிந்தும் அறியாததுபோல இருக்கும் விடயத்துக்கு வருகிறேன்.

குலசிங்கம் பிந்தித்தான் கலியாணம் செய்தார். ஊரிலிருந்து வந்த சாந்தா அவரை விட மிகவும் இளையவர். மண்டபத்தில் சாந்தாவை நாங்கள் அடுப்படியில் மட்டும்தான் கண்டோம். தேத்தண்ணீர் ஊற்றுவார், கோப்பை கழுவுவார், மணிக்கட்டு வரை மூடிய சட்டையைக் கோடையிலும் போடுவார். அது ஏன் என்று அடுப்படியில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அதைக் கதைத்தார்கள். சாந்தா உள்ளே வந்ததும் கதையை மாற்றினார்கள்.

அடுத்த ஞாயிறு என்ன படம் என்று சாந்தா ஒருநாள் அக்காவிடம் கேட்டார். பண்ணைக்காரன் ஒருவன் ஒரு பெண்ணைத் தன் வீட்டில் பூட்டி வைத்திருக்கும் கதை என்று அக்கா சொன்னார். நான் அப்போது சிரட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். சாந்தா கோப்பையைத் துடைத்தபடி, எங்களைப் பார்க்காமலே பேசினார்.

"அக்கா, அந்தப் பண்ணைக்காரன் அவளுக்கு என்ன சொல்லுறான்?"

"ஓடிப்போனால் சுடுவன் எண்டுறான்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. 'நீ இஞ்சை நிக்கிறதே என்னாலை, நான் ஒரு சொல்லுச் சொன்னால் உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், அங்கை போய் ஆரின்ரை முகத்திலை முழிப்பாய்?' இப்பிடிச் சொல்லுங்கோ. ஒவ்வொரு நாளும் கேக்கிறன். ஒருக்கா எல்லாரும் கேக்கட்டும்."

அக்கா கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். "அதுக்கு அவள் என்ன சொல்லுறது?"

"நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ, அக்கா. அது என்ரை வசனம்."

அக்கா அவருடைய கையைப் பிடித்து, "யோசிச்சியோ?" என்று கேட்டார். "யோசிக்கிறதைத் தவிர நான் வேறை என்ன செய்யிறன்" என்றார் சாந்தா.

அந்த ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. குலசிங்கம் வழமைபோல முன்வரிசையில். திரையில் பண்ணைக்காரன் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினான். அக்கா அந்த வசனத்தைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. தன்னுடைய வழக்கமான கள்ளன் குரலைக்கூடப் போடவில்லை. முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு பெண்களின் வரிசைகள் ஒவ்வொன்றாக அமைதியாயின. திரையில் அந்தப் பெண்ணின் உதடுகள் அசைந்தன. அக்கா மைக்கை மடியில் வைத்துக்கொண்டார். அடுப்படி வாசலில் இருந்து சாந்தாவின் குரல் வந்தது.

"அனுப்பட்டும். ஆனா உங்கடை வீட்டை இனி நான் வரமாட்டன்."

பின்னால் இருந்த ஒருவர், அதுவும் படத்தின் பகுதி என்று நினைத்துக் கைதட்டினார். குலசிங்கம் எழுந்தார். திரையில் விழவேண்டிய குதிரை அவருடைய வெள்ளைச் சட்டையில் ஓடியது. "லைட்டைப் போடுங்கோ" என்றார். ஒருவரும் அசையவில்லை. முகமூடி வீரன் யன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே குதித்தான். நான் சத்தம் எதுவும் போடவில்லை. அவன் அங்கே தேவைப்படவில்லை. சாந்தா ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அக்காவின் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அக்கா அவருக்குப் பின்னால் போனார். அன்று சாந்தா அக்கா வீட்டில் தங்கினார். அடுத்த நாள் அக்கா அவரைப் பெண்கள் காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெண்களுக்கான ஆலோசனை நிலையத்தில் விசாவைத் தனியாக எடுக்க உதவினார்கள். சாந்தா இப்போது கொலோனில் முதியோர் பராமரிப்பில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து வேலை செய்கிறார். ஒருவரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

நீங்கள் அக்காவுக்கு என்ன செய்தீர்கள்? ஒரு கூட்டம் வைத்தீர்கள். "சங்கத்தின்ரை மேடையைத் தனிப்பட்ட விசயத்துக்குப் பாவிச்சது பிழை" என்று குலசிங்கம் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியின் கதிரையில் இருந்தார். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். சாந்தாவின் கையில் என்ன காயம் இருந்தது என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. மண்டபம் இனி அக்காவுக்கு இல்லை என்று முடிவானது. குடும்பம் பிரித்தவள் என்று பெயர் வைத்தீர்கள். பிறந்தநாளுக்கும் பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையாகும் சாமத்தியவீட்டுக்கும் சொல்வதை நிறுத்தினீர்கள். கடையில் கண்டால் மரக்கறிப் பக்கம் திரும்பினீர்கள். அக்கா தன் வீட்டு இருக்கையறையில் திரையைக் கட்டினார். சில அம்மாமார் வந்தார்கள். பிறகு, "பிள்ளையள் விடுகினம் இல்லை, மோளே" என்று சொல்லி அவர்களும் நின்றுபோனார்கள். பரவாயில்லை அக்கா என்று நான் ஒருமுறை சொன்னபோது அவர் என்னிடம் சினந்தார். "பரவாயில்லை எண்டு சொல்லாதை. எனக்கு நோகுது. நோகுது எண்டே சொல்லு." நல்லது செய்கிறவனின் வீட்டை எரிக்கிற ஊர் என்று அவர் சொன்னது அமெரிக்காவைப் பற்றி என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

குலசிங்கம் இன்றும் தலைவர். அக்காவின் ஒரே மருமகள், அவருடைய அண்ணனின் மகள், கனடாவில். அவரால் வரமுடியவில்லை. அதனால் இறுதிச் சடங்கைச் சங்கம் "பொறுப்பெடுத்தது". கத்தோலிக்கக் கோவிலில் பூசை முடிந்து மண்டபத்தில் கூடினோம். அதே மண்டபம். குலசிங்கம் மைக்கைப் பிடித்தார். கலைத்தாய் என்றார், சேவையின் சிகரம் என்றார். பிறகு குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு சொன்னார். "கடைசியா ஆஸ்பத்திரியிலை பாக்கப் போனனான். அக்கா என்ரை கையைப் பிடிச்சு, தம்பி, எல்லாத்தையும் மறந்து மன்னிச்சிட்டன் எண்டவ."

கடைசி வரிசையில் சாந்தா இருந்தார். கொலோனிலிருந்து தனியாக வந்திருந்தார். அவருக்குப் பக்கத்துக் கதிரைகள் வெறுமையாக இருந்தன. நான் எழுந்தேன்.

"அண்ணை, அது பொய். நான் அந்த அறையிலை நிண்டனான்."

யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். "செத்தவீட்டிலை சண்டை வேண்டாம், வசந்தி. இரும்." யாரோ ஒருவர் உடனே ஜெபப் பாடல் ஒன்றை எடுத்தார். எல்லோரும் சேர்ந்து பாடினீர்கள். என்னுடைய சொல் அதற்குள் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தின் மேல் பாட்டுப் பாட ஏலாது.

அந்த அறையில் நடந்தது இதுதான். குலசிங்கம் பூங்கொத்தோடும் போனோடும் வந்தார். "அக்கா, நடந்ததை மறப்பம்" என்றார். அக்காவுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "ஆர் மறக்கிறது? சாந்தாட்டைப் போய்க் கேட்டனீரோ?" என்றார்.

"அது எங்கடை குடும்ப விசயம், அக்கா."

"அப்ப என்னட்டை ஏன் வந்தனீர்? போம்."

படம் எடுப்பதற்காக அவர் அக்காவின் கையைப் பிடிக்கப் போனார். அக்கா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அவர் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னார். "நான் செத்தாப்பிறகு உவர் நல்லாக் கதைப்பார். எல்லாரும் அழுவினம். நீ ஒண்டு மட்டும் சொல்லு. நான் மன்னிக்கேல்லை எண்டு சொல்லு."

"இதையும் சுமந்துகொண்டு போறது பாரமில்லையோ, அக்கா?" என்று கேட்டேன்.

"நான் ஏன் கொண்டு போறன்? உன்னட்டைத்தானே விட்டிட்டுப் போறன்" என்று சிரித்தார்.

அவருடைய டிவிடிகளை மருமகள் எனக்குத் தரச் சொல்லியிருக்கிறார். வந்தால் வாங்குவேன், வராவிட்டால் கேட்கப் போவதில்லை. எனக்குரியது ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. பிலோமினா அக்கா மன்னிக்கவில்லை. அதை நான் வைத்திருக்கிறேன்.