வாலுக்குள் மிளகாய் முடிச்சு

எங்கள் பெரியப்பா ஒரு விமானம் கட்டினார். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது வகுப்பு ஆசிரியை, காகிதத்திலா பிளாஸ்டிக்கிலா என்று அன்போடு கேட்டார். அலுமினியத்தில், இரண்டு பேர் ஏறிப் பறக்கலாம் என்றேன். அவர் இன்னும் அன்போடு சிரித்தார். அதன் பிறகு அந்தப் பேச்சை நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகவில்லை.

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெரியப்பாவின் வீடு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை; பள்ளிக்கூடம் விட்டதும் நான் போவது அங்கேதான். பெரியப்பா ஜெர்மனியில் பல வருடம் லிப்ட் பழுதுபார்த்தவர். லண்டனுக்கு வந்த பிறகும் அதே வேலை. அவருடைய பிள்ளைகளான அண்ணன்மார் இருவரும் பல்கலைக்கழகம் போனதும் வீட்டுக்குப் பின்னாலிருந்த பெரிய கராஜ் வெறுமையாகிவிட்டது. அந்த வயதில் எங்கள் ஆட்கள் செய்வதுபோல ஊர்ச் சங்கத்தில் சேர்ந்து தலைவர் பதவிக்கு அடிபடாமல், அவர் விமானம் ஓட்டப் படித்தார். பிறகு பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்துத் தானே ஒன்றைப் பூட்டத் தொடங்கினார். அப்பா இதைப் பற்றிச் சொன்ன ஒரே அபிப்பிராயம், சங்கத்தைவிட இது ஆபத்துக் குறைவு என்பதுதான்.

பெரியம்மா மன்னாரில் பிறந்தவர். லண்டன் குளிரை அவர் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. பெரியப்பாவுக்கு நெஞ்சுச் சளி பிடித்துவிடும் என்று கராஜுக்குள் ஹீட்டர்களைக் கொண்டுபோய் வைத்தார். பெரியப்பா சூட்டைக் குறைப்பார். பெரியம்மா தேத்தண்ணி கொண்டுவரும் சாட்டில் வந்து சூட்டைக் கூட்டிவிட்டுப் போவார். இந்தச் சண்டை ஒரு குளிர்காலம் முழுவதும் சத்தமில்லாமல் நடந்தது. பிறகு பெரியம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. இந்த நாட்டில் மோர் மிளகாய் போட முடியவில்லையே என்பது அவருடைய தீராத மனக்குறை. மோரில் ஊறவைக்கலாம், உப்புப் போடலாம், காயவைக்க வெயிலுக்கு எங்கே போவது? கராஜுக்குள் தாங்கிகளின் மேல் இறக்கை ஒன்று சும்மா கிடந்தது. அதன்மேல் பழைய வேட்டியை விரித்து மிளகாயைப் பரப்பிவிட்டார். பெரியப்பா கத்தினார். சில நாள் கழித்துச் சோற்றோடு பொரித்த மோர் மிளகாய் வந்தது. அதன் பிறகு அவர் கத்தவுமில்லை, ஹீட்டரைக் குறைக்கவுமில்லை.

விமானத்தின் வாலை அசைப்பவை மெல்லிய உருக்குக் கேபிள்கள். விமானியின் கைக்கும் காலுக்கும் அருகில் தொடங்கி, சின்னச் சின்னக் கப்பிகளில் ஏறி ஓடி, உடலின் உள்ளே வால்வரை போகின்றன. அவை தொய்ந்தால் விமானி திருப்புவது வாலுக்குப் பிந்தித்தான் போய்ச் சேரும். அளவுக்கு மீறி இறுகினால் அசைப்பது கஷ்டம், கப்பியும் தேயும். எவ்வளவு இழுவை வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. பெரியப்பா ஒரு கருவியைக் கேபிளில் கவ்வவைத்து, முள்ளைப் பார்ப்பார், திருகுவார், மறுபடி பார்ப்பார். முள் சரியான இடத்துக்கு வந்ததும், திருகிய இடம் கழராதபடி மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டினார். வாழ்க்கை முழுவதும் கேபிளோடு கிடந்தவர் அல்லவா, கட்டிய கம்பி நகைக்கடை வேலைபோல இருந்தது. நான் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, இறக்கையிலிருந்து ஒரு மிளகாயைக் களவாக எடுத்துக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் கட்டும் விமானத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கேபிளில் கைவைத்தவரே பார்த்துச் சரி என்றால் போதாது. அந்த வேலையில் கைவைக்காத, தகுதியுள்ள இரண்டாவது ஆள் ஒருவர் வந்து புதிதாகப் பார்க்க வேண்டும். பெரியப்பாவுக்கு இது பிடிக்கவேயில்லை.

"என்ர வேலையில இன்னொருத்தருக்கு என்ன வேலை?" என்றார்.

"சுவாமியாரிட்டச் சொல்லுற பாவசங்கீர்த்தனம் மாதிரி எண்டு நினையுங்கோ. உங்களுக்கு நீங்களே மன்னிப்புக் குடுக்கேலாதுதானே" என்றார் பெரியம்மா.

இதற்குள் எங்கள் மாதா கோவில் முழுவதும் கதை பரவிவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் பெரியப்பாவைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டுச் சேலை கட்டிய ஒரு மாமி, "எங்கட ஆக்களில ஆர் பிளேன் வைச்சிருக்கினம்? நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்" என்று பெருமூச்சு விட்டார். பெரியப்பா பூரித்துப் போனார். பெரியம்மாவின் முகம் மட்டும் சுருங்கியது. வீடு வரும்வரை காருக்குள் வாய் முணுமுணுத்தபடி இருந்தார். செபமாலை சொல்கிறார் என்று நினைத்தேன். அன்றைய பிரசங்கத்தில் பங்குச் சுவாமியார், கிறிஸ்தவர்களாகிய நாங்கள் நாவூறு, கண்ணூறு, சகுனம் என்று அஞ்ஞானப் பழக்கங்களில் விழக்கூடாது என்று கண்டித்திருந்தார். சுவாமியார் கண்டிக்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

முதல் பறப்புக்கு நாள் குறித்தார்கள். குரோய்டனைத் தாண்டித் தெற்கே, புல்வெளி நடுவே ஒரு சின்ன விமானத்திடல். விமானத்தை லொறியில் கொண்டுபோய் இறக்கைகளைப் பூட்டியாயிற்று. அன்று உறைபனி. புல்லெல்லாம் வெள்ளையாகி, மிதித்தால் நொறுங்கியது. பங்கு மக்கள் பாதிப்பேர் கம்பளித் தொப்பிகளோடும் பொரித்த ரோல்ஸ் பெட்டிகளோடும் வந்து இறங்கினார்கள். பட்டுச் சேலை மாமியும் வந்திருந்தார். சுவாமியார் விமானத்தைச் செபம் சொல்லி மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார்.

இரண்டாவது ஆளாகப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் நெட்டையான வெள்ளைக்காரர், வயதானவர், பேச்சுக் குறைவு. பெரியப்பாவின் கம்பிக் கட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தன்னுடைய கருவியைக் கேபிளில் கவ்வவைத்தார். முள்ளைப் பார்த்தார். எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தார். அடுத்த கேபிளுக்குப் போனார். எல்லாமே தொய்ந்திருந்தன, கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் கருவி குளிரில் பிழையாகக் காட்டுகிறது என்றார் பெரியப்பா. அவர் பெரியப்பாவின் கருவியை வாங்கி வைத்துக் காட்டினார். அதுவும் அதையேதான் சொன்னது.

அப்போது இன்ஸ்பெக்டர் மெதுவான குரலில், நீங்கள் இவற்றை உண்மையிலேயே அளந்தீர்களா என்று கேட்டார்.

பெரியப்பாவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. விமானம் பறக்காமல் போவதை அவர் தாங்கியிருப்பார். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்ன வேலைக்காரன் என்று, கோவில் சனத்துக்கு முன்னால், தன்னை ஒருவர் நினைப்பதைத் தாங்க முடியவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பி, "நான் பொய் சொல்லுற ஆளோ, தம்பி?" என்றார். பெரியப்பாவின் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான். எனக்கு அழுகை வந்தது.

இன்ஸ்பெக்டர் பதிலை எதிர்பார்க்காமல் வால் பக்கத்து மூடியின் திருகாணிகளைக் கழற்றி, டார்ச்சும் கையுமாக உள்ளே துழாவினார். கையை வெளியே எடுத்தபோது அதில் ஒரு சின்னத் துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தார். காய்ந்த சிவப்பு மிளகாய் மூன்று, கொஞ்சம் கல்லுப்பு.

இது என்ன என்று கேட்டார். இது கப்பிக்குள் சிக்கியிருந்தால் வால் அசையாமல் போயிருக்கும், ஆள் திரும்பி வந்திருக்க மாட்டார் என்றார். பெரியம்மாவின் கை என் தோளை இறுகப் பிடித்தது. நகம் என் கோட்டுத் துணியைத் தாண்டி உறைத்தது. அப்பா தன் சப்பாத்தைப் பார்த்தார். பட்டுச் சேலை மாமி சுவாமியாரைப் பார்த்தார். சுவாமியார் வானத்தைப் பார்த்தார்.

பெரியவர்களுக்கு இங்கிலீஷ் போதவில்லை என்று நான் முடிவு கட்டினேன். என் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது. முன்னால் போய் விளக்கினேன். எங்கள் பெரியம்மா இறக்கையின் மேல் மிளகாய் காயவைக்கிறவர், அதற்கு உப்பும் போடுவார், இது தவறி உள்ளே விழுந்திருக்க வேண்டும். இந்தக் குளிரில் எப்படிக் காயும் என்று நீங்கள் கேட்கலாம், கராஜுக்குள் எந்த நேரமும் ஹீட்டர் எரியும், யாழ்ப்பாணம்போல வெக்கை அடிக்கும், நான் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுத்தான் இருப்பேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு மிளகாயை எடுத்து முறித்தார். சடக் என்றது. அவர் பெரியப்பாவைப் பார்த்து, கேபிளை அளந்ததும் அந்தச் சூட்டில்தானா என்று கேட்டார்.

பெரியப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். அலுமினியம் சூட்டில் உருக்கைவிடக் கூடுதலாக நீளும். கராஜில் விமானத்தின் உடல் நீண்டு கேபிளை இழுத்துப் பிடித்திருந்தது. அந்த இழுப்பைத்தான் அவர் அளந்து பூட்டியிருந்தார். திடலின் குளிரில் உடல் சுருங்கியதும் கேபிள் தொய்ந்துவிட்டது. எந்தச் சூட்டுக்கு எவ்வளவு இழுவை என்று புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே இருந்தது. லிப்ட்காரர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

இன்ஸ்பெக்டர் முதல்முறையாகச் சிரித்தார். அளவு நேர்மையானது, நாடுதான் மாறிவிட்டது என்று சொல்லிப் பெரியப்பாவிடம் கை நீட்டினார். பெரியப்பா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சுவாமியாரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓம் ஓம், இந்தக் குளிருக்கு மிளகாய் வேற எங்க காயும்?" என்றார்.

அன்று விமானம் பறக்கவில்லை. ரோல்ஸ் மட்டும் பறந்தன. பெரியம்மா என்னை மூச்சு முட்டக் கட்டிப்பிடித்து, "என்ர குஞ்சு" என்று நெற்றியில் கொஞ்சினார். நான் பேசிய இங்கிலீஷுக்காகத்தான் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பெரியப்பா திடலிலேயே, வாயிலிருந்து புகை பறக்க, அட்டவணையைப் பார்த்துக் கேபிள்களை மறுபடி இழுத்துப் பூட்டினார். பெரியம்மா கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு கூடவே நின்று, வெப்பமானியைப் பார்த்துச் சொல்வது தன்னுடைய வேலை என்று பொறுப்பெடுத்துக்கொண்டார். வசந்தம் வந்ததும் எல்லோரும் மறுபடி திடலுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் அளந்தார், உள்ளே துழாவினார், சரி என்றார்.

அப்போது பெரியம்மா முன்னால் போனார். வலது கையைப் பொத்திப் பிடித்தபடி விமானத்தை மெல்லச் சுற்றிவரத் தொடங்கினார். மூக்கு, இறக்கை, வால் என்று நடந்தார். என்ன செய்கிறார் என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்பது சட்டம் அல்லவா, பெரியம்மாவும் பார்க்கிறார் என்றேன். அவர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு வழிவிட்டார்.

சுவாமியார் திடீரென்று எங்கள் எல்லோரையும் மறுபக்கம் திரும்பி நின்று செபிக்கச் சொன்னார். விமானத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு விமானத்துக்காக ஏன் செபிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் திரும்பினேன். எங்களுக்கு எதிரே வாகனங்கள் நிற்கும் இடத்தில் தேத்தண்ணி போடுவதற்கு அம்மா கொண்டுவந்த சின்ன காஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரியம்மா எங்களைச் சுற்றிக்கொண்டு அங்கே போனார். அடுப்பின் மேல் குனிந்தார். பொத்திய கை திறந்தது.

பின்னால் எஞ்சின் சத்தம் எழுந்தது. நாங்கள் திரும்பினோம். பெரியப்பாவின் விமானம் புல்லின் மேல் குலுங்கி ஓடி, ஒரு கணம் தயங்கி, தரையை விட்டுக் கிளம்பியது. அதே நேரம் அடுப்புப் பக்கமிருந்து காற்று எங்களை நோக்கி வீசியது. எனக்குத் தொண்டை எரிந்தது. இருமுவதற்கு வாயைத் திறந்தேன். அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்திவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் கண்ணில் நீர். அப்பாவுக்கும் நீர். பட்டுச் சேலை மாமி தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். சுவாமியாரின் முகம் செக்கச் செவேலென்று ஆகி, கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. எங்கள் பெரியப்பா பறப்பதைப் பார்த்து இத்தனை பேர் மனமுருகி அழுகிறார்களே என்று எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

நாவூறு கழிந்தால் எரிகிற மிளகாய் கமறாது என்பது பெரியம்மாவின் நம்பிக்கை என்று எனக்கு அப்போது தெரியாது. மோர் மிளகாய் சிவப்பாக இருக்காது, துணியில் முடிந்த மிளகாய் தானாகத் தவறி விழாது என்பதும் என் புத்திக்கு எட்டவில்லை. பெரியம்மா அடுப்பருகிலிருந்து எங்களுக்கு முன்னால் வந்து, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவரும் இருமவில்லை. அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார்.