பஸ்ஸில் வந்த ஹெல்மெட்

அவள் பேச்சு எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மூடி செய்யும் கம்பெனியில் வருஷக்கணக்காக மிஷின் ஓட்டுகிறாள். இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய குரல் வீட்டிலும் இறங்குவதில்லை. "பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தே சொல்றியா?" என்பான் புருஷன். "அவங்களும் தெரிஞ்சுக்கட்டுமே" என்பாள்.

அவளுக்கு ஒரே ஆசை. மோல்டு மாட்டும் வேலை தனக்கு வர வேண்டும். மூடியின் அளவு மாறும்போது மிஷினிலுள்ள இரும்பு அச்சைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும், அதுதான் மோல்டு. மாட்டினால் மட்டும் போதாது. பிசிறில்லாத மூடி ஒன்று விழும்வரை மாட்டியவர் நகரக் கூடாது. சில நாள் சட்டென்று விழும், சில நாள் இருட்டும்வரை இழுத்தடிக்கும். அவளுக்கு அந்த வேலை தண்ணீர் பட்ட பாடு. மாட்டுகிறவர்களே முழித்தால் அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். பேர் மட்டும் அவர்களுக்கு.

குறுக்கே நின்றது அவள் வந்துபோகும் கம்பெனி பஸ். சாயங்கால மணி அடித்தால் கிளம்பிவிடும், எவருக்காகவும் நிற்காது. ஒருமுறை அதைப் பிடிக்க யாரோ பாதி வேலையில் ஓட, அடுத்த ஷிப்டு முழுக்கக் கோணல் மூடியாகக் கொட்டியது. அதன்பிறகு மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். மதியம் வந்து வாசலோரத்து ஹெல்மெட் அலமாரியைப் பார்ப்பார். சொந்த வண்டியில் வந்தவருக்குத்தான் மோல்டு. ஆள் முகத்தைப் பார்ப்பதே கிடையாது.

அவள் வீட்டில் மோட்டார் சைக்கிள் இல்லாமலில்லை. அதன்மேல் புருஷன் உட்கார்ந்திருந்தான். அவன் ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி. வண்டியை வெளியே எடுக்கும் நேரத்தில் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் துரை வண்டியில்தான் போவார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, நீங்க நடந்து போங்க. வண்டிய எனக்குக் குடுங்க."

"உனக்கென்ன குறைச்சல்? தெருமுனைக்கே பஸ் வருது. வெயில் இல்ல, மழை இல்ல, ராணி மாதிரி போயிட்டு வர்ற."

"ராணிக்கு மோல்டு தர மாட்டேங்கிறாங்களே!"

அவன் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை அவள் பரணிலிருந்து தன் பழைய ஹெல்மெட்டை இறக்கினாள். கல்யாணத்துக்கு முன் அண்ணன் வண்டியை ஓட்டிய காலத்தில் வாங்கியது. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"என்னக்கா, நான் ஓட்டுறது மேல அவ்வளவு பயமா?"

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிப்புக்கெல்லாம் பயந்தால் பிழைப்பு நடக்குமா?

மதியம் மேனேஜர் அலமாரி முன் நின்றார். "இது யாரோடது?"

"என்னோடது சார்." அதில் பொய் ஒன்றும் இல்லை.

"சரிம்மா, பெரிய மூடி மோல்டு இன்னைக்கு நீ மாட்டு."

மாட்டினாள். மணி அடித்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, போங்கள் என்று கையை ஆட்டினாள். முதல் மூடியில் பிசிறு. அடுத்ததில் ஓரம்வரை பிளாஸ்டிக் நிறையவில்லை. சூட்டைக் கொஞ்சம் ஏற்றி, போல்ட்டை அரைச் சுற்று இறுக்கினாள். பிறகு விழுந்த மூடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் புருஷனுக்குப் போன் போட்டாள். "வண்டிய எடுத்துக்கிட்டு கம்பெனிக்கு வாங்க."

மேனேஜர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். பேசிக்கொண்டே கேட் வரைக்கும் வந்தவர், அங்கே ஒருவன் வண்டியோடு அவளுக்காக நிற்பதைப் பார்த்து நின்றார்.

"உன் வண்டி எங்கம்மா?"

"வண்டி இல்ல சார். ஹெல்மெட் பஸ்ல வந்துச்சு."

"என்னை ஏமாத்தியிருக்க!"

"வேலையில ஏமாத்தினேனா சார்? மூடி கையிலதானே இருக்கு, பாருங்க."

அவர் மூடியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "மூடி நல்லா இருக்கு. நாளைக்கு மோல்டு இழுத்தடிச்சா எப்படி வீட்டுக்குப் போவ? தினமும் இவர் வருவாரா? இல்லன்னா இந்த வேலைய உனக்குத் தர முடியாதும்மா."

நியாயமான கேள்வி. அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டதைச் செய்து காட்டியாகிவிட்டது. மீதி அவள் கையில் இல்லை.

புருஷன் வண்டியை விட்டு இறங்கினான். "நாளையிலருந்து வண்டி இவகிட்ட சார். என் ஆபீஸ் நடக்கிற தூரம்தான்."

"இவங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியும் சார். நான்தான் இதுவரைக்கும் குடுத்ததில்ல." சொல்லும்போது காது சிவந்தது. ஆனாலும் சொன்னான்.

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் ஏறினாள். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. அவன் பின்னால் ஏறி, முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிந்தான்.

"எதைப் பிடிச்சுக்கறது?"

"பின்னால ஒரு கம்பி இருக்கும், பாருங்க. இத்தனை வருஷமா நான் பிடிச்சுக்கிட்டு வந்தது."