விழாத உலக்கை

வானியல் ஆய்வை விட்டுவிட்டு அறிவியல் வரலாறு எழுதும் என் சித்தி மகள் செல்வியின் புதுப் புத்தகம் தபாலில் வந்தது. முதல் பக்கத்திலேயே எங்கள் ஸ்ரீவைகுண்டத்து வீட்டு உலக்கை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது ஒரு நாள் சூரிய கிரகணம். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அம்மா உலக்கையை நிறுத்தியிருந்தாள். கிரகணத்தின்போது மட்டும்தான் அது நிற்கும், விட்டால் தானே விழுந்துவிடும் என்பார்கள். தெருவே குளித்து முடித்தும் அது விழவில்லை.

“ஏட்டி செல்வி, கிரகணம் விட்ட பொறவும் உலக்கை நிக்குது பாரு!” என்று காட்டியதே நான்தான்.

“வாய மூடு, மூதி” என்று அம்மா உலக்கையைத் தட்டிச் சாய்த்தாள். நானும் மூடிக்கொண்டேன்.

புத்தகத்தில் என்னைச் சொல்லியிருக்கிறாளா என்று ஆத்திரத்தோடு தேடினேன். சொல்லியிருந்தாள்: “அக்காதான் காட்டினாள். மறுநாள், கிரகணமே இல்லாதபோது, நான் நிறுத்திப் பார்த்தேன். நின்றது.”

மறுநாள் நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன்.