சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

நானும் காலேஜுக்குப் போனால் என்ன என்று முதலில் தோன்றியது ஆவடி ஸ்டேஷனில், 1991 கோடையில். தோளில் ஏழு மாத ஜெனி. எதிரே வெள்ளை லேப் கோட்டை மடித்துக் கையில் பிடித்தபடி நாலைந்து காலேஜ் பெண்கள் ரயிலுக்கு நின்றார்கள். என் வயதுதான். அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சேர்ந்துடு, பாத்துக்கலாம்" என்றார். ஜூலையில் பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்தேவிட்டேன்.

பாத்துக்கலாம் என்றால் யார் பார்ப்பது? நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. ஃபேக்டரியில் அவருக்கு இரண்டாவது ஷிப்ட் வரும் வாரம், காலையில் அவர் குழந்தையைப் பிடிப்பார். முதல் ஷிப்ட் வாரம் என் வகுப்பு போச்சு. லேபில் நிற்கும்போது ஜெனி பால் குடித்தாளா என்று ஓடும். அவளுக்குச் சோறூட்டும்போது சமன்பாடு ஓடும். இரண்டும் உருப்படவில்லை. எரிச்சல். சொல்லப்போனால் ஆண்டவர் மேலேயே எரிச்சல்.

ஏப்ரலில் செய்முறைத் தேர்வு, ஒரு வியாழன் காலை. அவருக்கு முதல் ஷிப்ட், லீவு கிடையாது என்றுவிட்டார்கள். போகாவிட்டால் என் படிப்பு அதோடு முடிந்தது. சபையில் ஜெபக் குறிப்பு கொடுத்தேன். "கண்டிப்பா ஜெபிக்கிறோம் சிஸ்டர்" என்று கையைப் பிடித்தார்கள். குழந்தையைக் கொண்டு வா என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

வெள்ளானூரில் எங்களுடையது ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துத் தடுத்த போர்ஷன். அந்தப் பக்கம் லாரி டிரைவர் மனைவி செல்வியக்கா. குழாயடியில் என் குடத்தை அவர் நகர்த்தியதில் ஆரம்பித்த சண்டை எங்களுக்குள் மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. "இன்னா காலேஜி, புள்ளய அழவுட்டுட்டு புக்குல இன்னா தேடிகினுகீற?" என்பார்.

புதன் மத்தியானம் ஜெனியைத் தூங்கப் போட்டுவிட்டு முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை, சண்டைதான் வந்தது.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு என் புள்ளைய யார்கிட்ட விடுவேன்? ஆசையக் குடுத்தீங்களே, ஆளக் குடுத்தீங்களா? அந்தச் செல்வி வாயையாவது அடைங்க ஆண்டவரே!"

கத்தியே கேட்டேன். கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். செல்வியக்கா.

"உங்க சாமிக்குக் கேட்ச்சோ இல்லியோ, எனக்கு நல்லா கேட்ச்சி. எட்டு மணிக்குத் தானே? கொண்டாந்து உடு."

கதவை முழுதாகத் திறந்தேன்.

"இன்னா முழிக்கிற? என் வாய அடைக்கச் சொன்னதும் கேட்ச்சி. அத்த அப்பறம் பேசிக்கலாம். போய்ப் படி."

வியாழன் தேர்வு எழுதினேன். கொடுத்த உப்பு எது என்று சரியாகக் கண்டுபிடித்தேன். மூன்று மணிக்கு ஓடி வந்தால், முகமெல்லாம் சாம்பார் சோற்றோடு ஜெனி என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னா?" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஒரு வருடம் அழுதேனே, உதவி சுவருக்கு அந்தப் பக்கமே இருந்ததே! நம் சபை இல்லை, குடத்தை நகர்த்தியவள் என்று நான்தான் செல்வியக்காவிடம் கேட்கவில்லை. கர்த்தர் அந்தக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. என் சண்டையையே ஜெபமாக எடுத்துக்கொண்டார். அவருக்கு ஸ்தோத்திரம்.

தேறிவிட்டேன், இப்போது இரண்டாம் ஆண்டு. எரிச்சல் முழுதாகப் போகவில்லை, நேற்றும் ரயில் தாமதமாகி வீட்டில் கத்தினேன். ஆனால் இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன், ஆண்டவரிடமும் ஆட்களிடமும். நீங்களும் கேளுங்கள். மரியாதையான வார்த்தை கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

போன வாரம் செல்வியக்கா மெதுவாக ஆரம்பித்தார். "எனுக்குப் பத்தாவதுல கணக்கு மட்டும் பூட்ச்சி. இன்னொரு தபா எழுதலாமாமே?" விண்ணப்பம் வாங்கிவிட்டேன். தினமும் ஒரு மணி நேரம் கணக்கு. தேர்வு நாளில் அவருடைய இரண்டு வால் பையன்களும் ஜெனியும் என் பொறுப்பு. எங்களுக்காக ஜெபியுங்கள். அன்றைக்குக் காலை நேரம் இருந்தால், வந்து ஒருவனைப் பிடித்துக்கொள்ளுங்கள்.