செருப்படிக்கு ஒரு சாதிச் சான்றிதழ்

மாமாவின் சட்டை முதுகில் பதிந்திருந்த செருப்புத் தடத்தை அம்மா துவைக்க விடவில்லை. "ஸ்டேஷன்ல காட்டணும், அப்டியே இருக்கட்டும்" என்றாள். எண்பதுகளில் செஞ்சியில் வீடுகளுக்குக் கரெண்ட் வேலை செய்தவர் மாமா, அம்மாவின் தம்பி. வல்லம் பக்கம் ஒரு பெரிய வீட்டில் கல்யாணத்துக்காக ஒயரிங் செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். சாமி அறைவரை போய் பல்பு மாட்டியிருக்கிறார். யாரும் எதுவும் கேட்கவில்லை. தாகத்துக்குக் குடத்திலிருந்து தானே மொண்டு குடித்தபோதுதான் எந்தத் தெரு என்று விசாரித்தார்கள். சொன்னார். வீட்டுக்காரர் அவரை வெளியே இழுத்துவந்து, சாதிப் பேரைச் சொல்லிச் சொல்லிச் செருப்பால் அடித்தார். ஊரே நின்று பார்த்தது.

வலியை மாமா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதற்காக அடித்தார்கள் என்பது கேஸில் ஏற வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. மனுவை எழுதிக்கொண்டு நானும் கூடப் போனேன். ஏட்டு படித்துப் பார்த்தார். தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் இருப்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"எல்லாஞ் சரி. நீ அந்த ஜாதிதான்னு இன்னாய்யா ஆதாரம்? தாசில்தார் சர்டிபிகேட் எங்க?"

"அடிச்சவரு சர்டிபிகேட் பாத்துட்டா சார் அடிச்சாரு?"

"சட்டம் பேசாத. போய் வாங்கினு வா."

மாமா தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். டீக்கடைக்காரர் முதல் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை அரசாங்கம் மட்டும் மாதக்கணக்கில் விசாரித்துக்கொண்டிருந்தது. இப்போது சட்டம் கடுமையாகிவிட்டது, நிவாரணம்கூட உண்டு என்கிறார்கள். ஆனாலும் பேப்பரில் இப்படி ஒரு செய்தி வந்தால், சாதியை விட்டுவிட்டு 'முன்விரோதம்' என்று போட்டிருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.

ஒருவழியாகச் சான்றிதழ் கிடைத்ததும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். ஏட்டு அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"லேட்டாய்ட்டுதேப்பா. வாய்த்தகராறுன்னு எழுதி, அவர எச்சரிச்சி அனுப்பிட்டோம். இத பத்திரமா வெச்சிக்க, புள்ளைங்க ஸ்காலர்ஷிப்புக்கு ஆவும்."

அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறையைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

மாமா காகிதத்தை அவர் முன்னால் பிடித்தார். "அவரு தெருவுல கத்துன அதே பேர முத்திர குத்தி எங்கையில குடுத்துட்டீங்க. கேஸ்ல எழுத மட்டும் கை வரல, இல்ல சார்?"

ஏட்டு கோபப்படவில்லை. தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். "நீ கரெண்ட் வேலதான செய்ற? இந்த ஃபேன் ரொம்ப நாளா சத்தம் போடுது. இன்னான்னு பாத்துட்டுப் போயேன்" என்றார்.