ஒரே பயிற்சி, வேறு வேறு உடம்பு

அறுபது தாண்டியவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருவது என் தொழில். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான், உடம்புகள்தான் ஆளுக்கொரு விதமாகக் கேட்டுக்கொள்கின்றன. கூட நடந்த நண்பர் தேறிவிட, நீங்கள் மட்டும் அப்படியே இருக்கிறீர்களா? தூத்துக்குடியில் உங்களுக்குத் துணை நிறைய உண்டு.

ஏறாத நாடி

தருவைகுளத்து அந்தோணி அண்ணாச்சி இளவயதில் சங்கு குளித்தவர். டிரெட்மில்லில் ஏற்றினேன். சட்டை நனைந்தது, மூச்சு வாங்கியது, நாடித்துடிப்பு மட்டும் ஏறவில்லை. கடலில் பழகிய இதயம் இப்படித்தானோ என்று அதிசயித்து வேகத்தைக் கூட்டப் போனவள், அவர் முகம் வெளுப்பதைப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

உட்காரவைத்து விசாரித்தால், நாடியை ஏறவிடாமல் பிடித்துவைக்கும் பிரஷர் மாத்திரை போடுகிறாராம். அன்றிலிருந்து அவருக்கு மெஷின் காட்டும் எண்ணைப் பார்ப்பதில்லை. மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்றுதான் பார்க்கிறேன். "சேரும்போது பிரஷர் இல்லைன்னு சொன்னீங்களே?" என்று அப்போதே கேட்டேன்.

"மாத்திரைதான் தெனமும் போடுதேன்லா, பொறவு பிரஷர் எங்கன இருக்கு?"

லீவு

மளிகைக்கடை தங்கராஜ் அண்ணாச்சிக்கு முதலில் நல்ல முன்னேற்றம். பிறகு படி ஏறினாலே கால் நடுங்கியது. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யச் சொன்னதை அவர் காலையும் மாலையும் மொட்டைமாடியில் செய்வதாக அவர் மனைவி போட்டுக்கொடுத்தார். வாலிபத்தில் ஒரு தூக்கத்தில் தேறிய தசை, இப்போது கூடுதல் ஓய்வு கேட்கும் என்றேன்.

"கடைக்கே லீவு விட்டதில்ல, காலுக்கு லீவு விடச் சொல்லுதீயளா?"

டீச்சரும் தங்கையும்

நாசரேத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய கிரேஸ் டீச்சர் தனியாக இருப்பவர். குளியலறையில் விழுந்து, எழ முடியாமல், பால்காரர் குரல் கேட்கும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூருக்கு வந்துவிடச் சொன்னாள் மகள். தரையிலிருந்து தானாக எழுந்து காட்டினால் இங்கேயே இருக்கலாம் என்று இருவருக்கும் ஒப்பந்தம்.

டீச்சர் என்னிடம் சேர்ந்தார். வகுப்புக்குத் துணையாக வந்துபோன தங்கை ஜெயாவும் கூடவே பயிற்சி செய்தார். ஜெயா தேறினார், டீச்சர் தேறவில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே பயிற்சி. ஏன்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு மத்தியானம் டீச்சர் வீட்டுக்கே போனேன். தட்டில் ரசமும் சோறும். "ஒருத்திக்காக யாரு மீன் கழுவ?" என்றார். ஜெயா வீட்டிலோ தினமும் மீன். வயது ஏற ஏற, தசை வளரப் புரதம் கூடுதலாக வேண்டும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மீன், முட்டை, பயறு என்று மாற்றினோம். டீச்சர் தங்கை வீட்டில் சாப்பிடத் தொடங்கினார், மெல்லத் தேறவும் தொடங்கினார். மீன்தான் காரணமா, சேர்ந்து சாப்பிட்டதில் வந்த தெம்பா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மகள் வந்தாள். டீச்சர் தரையில் உட்கார்ந்தார், புரண்டார், ஒரு முழங்காலை ஊன்றினார், நின்றேவிட்டார். மகள் அழுதாள்.

"அழாத ஏளா. பெங்களூருக்கு ஒனக்கு மட்டும் டிக்கெட் போடு."

இத்தனை பேர் உடம்பைப் படித்தும் அடுத்து வருகிறவர் உடம்பு என்ன செய்யும் என்று கேட்டால், இந்தத் தொழிலில் நான் இன்னும் ஒண்ணாங்கிளாஸ்தான்.