லாசர் அத்தானுக்கு நான் போட்ட சாட்சிக் கையெழுத்து

சென்ற புதன்கிழமை, மாணவர்கள் புத்தகம் வாங்க வரிசையில் நின்ற நேரத்தில், தந்திக்காரர் நான் வேலை பார்க்கும் நம் கல்லூரி நூலகத்துக்குள் வந்தார். கையெழுத்துப் போட்டால்தான் தந்தியைக் கையில் தருவார்கள். போட்டேன்; பிரித்தேன். தூத்துக்குடியில் லாசர் அத்தான் இறந்துவிட்டார். என் அக்காள் ரோசம்மாளின் கணவர். இதே கல்லூரியில் முப்பது வருஷம் ரசாயனக் கூடத்தைக் கட்டிக் காத்தவர். பாளையங்கோட்டை ஸ்டேஷனுக்கு எப்படிப் போனேன், யார் டிக்கெட் எடுத்தார்கள், ஒன்றும் நினைவில்லை.

கல்லூரி மலரில் இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். குடுவையை உடைத்துவிட்டு நடுங்கி நிற்பவனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "குடுவை போனா வேற வாங்கலாம். விரல் போனா யாருகிட்டலே போய்க் கேப்ப?" என்பார். அபராதம் எழுதினதே இல்லை. அந்தப் பொல்லாத முகத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு இளகின மனசோடு எப்படித்தான் இருந்தாரோ.

ஓய்வு பெறுகிறவருக்குக் கல்லூரியில் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். ஆயுள் உள்ளவரை ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம். இல்லையென்றால் அதை விட்டுக்கொடுத்து, தாம் இறந்த பிறகு மனைவிக்கு மாதாமாதம் இன்ஷூரன்ஸ் பணம். அதற்கு எழுதிக்கொடுக்கிற விண்ணப்பப் பாரம் இங்கிலீஷில் இருக்கும். எல்லாரும் அதைத் தூக்கிக்கொண்டு அத்தானிடம்தான் ஓடுவார்கள். காவற்காரர் சுடலை பெண்டாட்டிக்குப் பணம் வரட்டும் என்று அழுதபோது அத்தான் கடிந்துகொண்டார். "உயிரோட இருக்கதுக்குல்லா முதல்ல வழி பாக்கணும்" என்று சொல்லி, வைத்தியத்துக்கே எழுதவைத்தார். சுடலை இன்றைக்கும் வாசலில் பீடி குடித்துக்கொண்டு நன்றாக இருக்கிறார்.

அத்தானின் தகப்பனார் சங்கும் முத்தும் குளித்தவர். எங்கள் கடற்கரையில், கடலுக்குள் மூழ்குகிற குளியாளியின் இடுப்புக் கயிற்றை மச்சினன்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலி அறுக்க எவனும் கயிற்றை நழுவவிடமாட்டான் என்கிற நம்பிக்கை. மேலே இருக்கிறவன் கேள்வி கேட்பதில்லை. கீழேயிருந்து இரண்டு இழுப்பு வந்தால் தூக்கவேண்டும், அவ்வளவுதான். அத்தான் இதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அவருடைய முறை வந்தது. ஒரு மத்தியானம் தம் பாரத்தோடு நூலகத்துக்கு வந்தார். மேல்பாதியை ஒரு ரிஜிஸ்தரால் மூடி, சாட்சிக்கான இடத்தில் விரலை வைத்தார். "கயிறு பிடிக்க மச்சினன்தான வேணும். போடு மாப்ளே" என்றார். ஊருக்கெல்லாம் வைத்தியத்தை எழுதிக்கொடுத்த மனுஷன் தமக்கு வேறு என்ன எழுதியிருப்பார்? படிக்காமலே போட்டேன். கேட்காமல் போடுவதுதான் மரியாதை என்று நினைத்தேன், மடையன். வேறு யாராவது சாட்சி என்றால் ரிஜிஸ்தரைத் தூக்கிப் பார்த்திருப்பான். அது தெரிந்துதான் என்னிடம் வந்திருக்கிறார்.

ஒரு வருஷத்தில் அவர் கால் வீங்கிற்று. மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போனபோது கோயில் மேட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். கேட்டதற்கு மணல் சுடுகிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உங்களுக்குத்தான் இலவசமாயிற்றே என்று மன்றாடினேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஓட்டினார். ஏரலில் ஒரு நாட்டு வைத்தியரிடம் லேகியம் வாங்கித் தின்றுகொண்டிருந்தார். பிடிவாதக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் வாயில் மண் விழ.

தந்தி வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அவருக்குப் பேச்சே எழவில்லை, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். என் தோள் துண்டின் நுனியைப் பிடித்து இரண்டு முறை இழுத்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து ஒரு வாய் கொடுத்தேன். துண்டை மெல்ல விடுவித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் பெட்டியில் பாரத்தின் நகல் இருந்தது. அக்காளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான்தான் படித்துச் சொல்லவேண்டியிருந்தது. வைத்தியம் வேண்டாம், நான் இறந்தபின் மனைவிக்குப் பணம். கீழே சாட்சி என்று என் பெயர். அக்காள் அழவில்லை. "ஏலே, நீ கயித்தப் பிடிச்சிருக்கன்னுல்லா நான் நிம்மதியா இருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் பேசவில்லை.

அவருடைய மூக்குக்கண்ணாடியை ரசாயனக் கூடத்துக்குக் கொடுத்துவிட்டோம். பேனாவைச் சுடலை கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு என்று அத்தான் விட்டுப்போனது அந்த இரண்டு இழுப்புத்தான். காலையில் துண்டை எடுத்துத் தோளில் போடும்போது வருகிறது. பிரார்த்தனைக்கு முழங்காலிடும்போது வருகிறது. இப்போது எனக்கு அது நன்றாகப் புரிகிறது, அத்தான். தூக்கத்தான் ஆளில்லை.